கேட்டால் தருவார்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. திருப்பூரில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு பனியன் கம்பெனியில் சம்பளப் பிரிவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எம்.காம். படித்தவன், கணக்கில் சுத்தமானவன் என்று முதலாளியிடம் பெயர் வாங்கியிருந்தேன்.

அப்போது சனிக்கிழமை சாயங்காலம் ரொக்கச் சம்பளம். கவரில் போட்டு, ஜன்னல் வழியாகக் கொடுப்போம். பெண்கள் சிலருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பகல் வேலை முடிந்த பிறகும் இருந்து தைக்கிற அரை ஷிப்டுக்கு உண்டான பணத்தை மட்டும் தனிக் கவரில் கேட்பார்கள். ஏன் என்று நான் விசாரித்ததில்லை. பெரிய கவர் கைப்பைக்குள் போகும். சின்னக் கவர் டிபன் பாக்ஸுக்குள் போகும். பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

பிறகு, சம்பளத்தை வங்கி வழியாகத்தான் தரவேண்டும் என்று எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். என்னைவிட அதில் மகிழ்ந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. சில்லறைக்கு அலைய வேண்டாம். பஸ்ஸில் யாருடைய பர்ஸும் பறிபோகாது. தொழிலாளர்களைக் கூட்டி வைத்து ஏ.டி.எம். கார்டின் பெருமையை நானே விளக்கினேன்.

தனிக் கவர் கேட்பவர்களில் ஒருத்தி, துணி ஓரங்களை அடிக்கிற ஓவர்லாக் மெஷின் டெய்லர். அதிகம் பேசமாட்டாள். கார்டு கொடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். லீவு சொல்ல அவள் கணவர் வந்தார். பல்லடம் பக்கம் விசைத்தறியில் ராத்திரி வேலை பார்ப்பவர், நல்ல மனிதர். கார்டையும் ரகசிய எண் இருந்த உறையையும் அவரிடமே கொடுத்தேன். "நமக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க சார்" என்று தயங்கினார். முனையில் இருந்த ஏ.டி.எம்.முக்கு நானே கூட்டிப்போய் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டினேன். திரையில் தொகையைப் பார்த்தவர், "இத்தனையாங்க சம்பளம்?" என்று கேட்டார். "அரை ஷிப்ட் காசும் சேர்ந்ததுங்க. உங்க வீட்டுக்காரம்மா நல்ல உழைப்பாளி" என்றேன். ஓர் உதவி செய்த திருப்தியோடு திரும்பி வந்தேன்.

அடுத்த வாரம் அவள் என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"சார், அந்த அரை ஷிப்ட் காச மட்டும் முன்ன மாதிரி கையில குடுத்துருங்க."

பக்கத்தில் இருந்த சூப்பர்வைசர் விடவில்லை. "ஏனுங்க அக்கா, நோட்ட மோந்து பாத்தாத்தான் தூக்கம் வருமாக்கும்?"

"கார்டு எங்க ஊட்டுக்காரர் பையில இருக்குதுங்க."

"ஊட்டுக்காரர்கிட்டத்தானே இருக்கு, திருடன்கிட்டயா?" என்றேன் நான். அறையே சிரித்தது. அவளும் சிரிக்கிற மாதிரி உதட்டை அசைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேலையை விட்டு நிற்பதாகச் சொல்ல வந்தாள். பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறிய ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றில் ரொக்கமாகத் தருகிறார்களாம். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்கிற கூலியும் குறைவு, பி.எஃப். கிடையாது. எனக்குக் கோபம் வந்தது. இருக்கிற நல்ல வேலையை உதறிவிட்டுப் போகிறாயே, புத்தி கெட்டுவிட்டதா என்று திட்டினேன். அறையில் வேறு யாரும் இல்லாததாலோ என்னவோ, அப்போதுதான் வாய் திறந்தாள்.

"எங்கம்மா சேவூர்ல ஒண்டியா இருக்குதுங்க சார். சக்கர நோவு, பிரஷரு. மாசம் ஒருக்காப் போயி மருந்துக்கும் அரிசிக்கும் குடுத்துட்டு வருவேன். அது இந்த அரை ஷிப்ட் காசுதானுங்க. போன ஞாயித்துக்கிழம வெறுங்கையோட போனேன். மாத்திரையெல்லாம் பாதி பாதியா ஒடச்சு வெச்சிருக்குது. 'உனக்கென்ன கஷ்டமோ கண்ணு, நான் சமாளிச்சுக்குவேன்'னு சொல்லுது."

"ஊட்டுக்காரர்கிட்ட கேட்டா தரமாட்டாரா?" என்றேன்.

"தருவாருங்க. கெட்டவரு இல்லீங்க. ஆனா ஒவ்வொரு மாசமும் கேக்கோணுமுங்களே சார்."

என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை.

அதன் பிறகு அவளுக்காக அங்குமிங்கும் ஓடினேன். அந்தக் காசை மட்டும் ரொக்கமாகத் தரலாமா என்று முதலாளியைக் கேட்டேன், ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம் என்றார். அவள் பெயரில் இன்னொரு கணக்கு திறக்க வங்கிக்குக் கூட்டிப்போனேன். ரேஷன் கார்டு வேண்டும் என்றார்கள். "அதை எடுத்தா எதுக்குன்னு கேப்பாருங்க" என்றாள். வங்கி வாசலிலேயே, "எனக்காக நீங்க அலஞ்சதே போதுமுங்க சார், பொழுதாச்சு, ஊட்டுக்குப் போங்க" என்று என்னை அனுப்பி வைத்தாள். கிண்டல் செய்து அனுப்பியவனிடம் அத்தனை கனிவு. திங்கட்கிழமை அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அன்று ராத்திரி சாப்பாடு பரிமாறிய என் மனைவியைப் பார்த்தேன். அவளுக்குச் சொந்த ஊர் தாராபுரம். அங்கே அவளுடைய அப்பாவும் மனநிலை சரியில்லாத தம்பியும் இருந்தார்கள். ஊருக்குப் போவதற்கு முன் அவள் எப்படிக் கேட்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். நான் காபி குடித்து முடிக்கும்வரை காத்திருப்பாள். என் முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பாள். சமையலறைக் கதவில் ஒரு கை இருக்கும். இருபத்தைந்து வருடத்தில் ஒருமுறைகூட நான் இல்லை என்று சொன்னதில்லை. அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். எவ்வளவு, எதற்கு, போன தடவை கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன் என்பது அன்றுதான் உறைத்தது.

அடுத்த மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை என் மனைவி கையில் வைத்தேன். "எதுக்குங்க இது? யாருக்குக் குடுக்கோணும்?" என்றாள். யாருக்கும் இல்லை, உனக்குத்தான் என்று சொன்னேன். நம்பாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை விடப் பெரிய தண்டனை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

அந்த டெய்லரை நான் பிறகு பார்க்கவேயில்லை. இப்போது எல்லாம் செல்போனிலேயே நடக்கிறது. வசதிதான், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் மாதத் தொடக்கத்தில் ஏ.டி.எம். பக்கம் போகும்போது, கணவன் உள்ளே பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க, கண்ணாடிக் கதவுக்கு வெளியே டிபன் பையோடு ஒரு பெண் நிற்பதைப் பார்த்தால், அவள் வாங்கித் தரும் மருந்துக்காக யார் காத்திருக்கிறார்களோ என்று நினைத்தபடி என் முறை வந்தும் போகாமல் நின்றுவிடுகிறேன்.