இருபத்தேழாம் கொடி

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான் நான். ஆனாலும் ஆவி, சகுனம் என்று யாராவது கதையைத் தொடங்கினால், தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். மிதிவெடி கிண்டப் போனவளுக்கு நிலத்துக்குக் கீழே கிடக்கிறதை யோசிக்கத்தான் நேரம் இருந்தது, மேலே உலாவுகிறதைப் பற்றியெல்லாம் நினைத்ததில்லை. அப்படிப்பட்ட நான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை, என் மனுசனே பாதிதான் நம்புகிறார்.

சமாதானக் காலத்தில் மன்னாரில் மிதிவெடி அகற்றும் வேலை செய்தேன். என் சோடி அமலா. ஒருத்தி குந்தியிருந்து நிலத்தைக் கிண்டினால் மற்றவள் தள்ளி நின்று பார்ப்பாள், பிறகு மாறிக்கொள்வோம். அங்கே எங்களுக்கு எல்லாமே தடிதான். காட்டில் கம்பு வெட்டி, தலையில் சிவப்பு பெயின்ற் பூசி வைத்திருப்போம், ஆபத்து இருக்கிற இடத்தில் அதைக் குத்துவோம். வேலை முடிந்ததும் தடிகளை எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும், எங்கேயோ ஒரு வெடி எடுக்காமல் கிடக்கிறது என்று, அன்று பார்த்த நிலம் முழுவதையும் திரும்பப் பார்க்க வேண்டும். அந்தப் பயத்தில் சிலர் பக்கத்துக் குழுவின் தடியைச் சத்தமில்லாமல் எடுத்துக் கணக்கை நேராக்குவார்கள். அமலா விடமாட்டாள், தன் தடி ஒவ்வொன்றின் அடியிலும் கத்தியால் ஒரு சின்னச் சிலுவை வெட்டி வைப்பாள்.

"சிலுவை போட்டதைக் களவெடுக்கிறவன் எடுக்கட்டும் பாப்பம்" என்பாள்.

பிறகு எனக்குக் கலியாணம் சரிவந்து கனடாவில் மொன்றியலுக்கு வந்தேன், செயின்ட்-மிஷேலில் வீடு. முதல் குளிர் முழுக்க ஒரு தொழிற்சாலையில் பிஸ்கற் பெட்டி மடித்தேன். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டுக் கோடையில்தான் இந்த வேலை கிடைத்தது. நகரத்துக்கு வடக்கே ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் ஒரு பழைய இராணுவப் பயிற்சி நிலம். எப்போதோ பீரங்கி ஷெல் அடித்துப் பழகிய இடம், வெடிக்காததுகள் மண்ணுக்குள் கிடந்தன. அடுத்த கோடையில் அங்கே பிள்ளைகள் கூடாரம் அடிக்கப் போகிறார்கள் என்று சொல்லித்தான் எங்களை வேலைக்கு எடுத்தார்கள்.

எங்கள் குழுத் தலைவர் லுக், கியூபெக்காரர், நல்ல மனிதர். இங்கே தடி இல்லை, கம்பியில் செம்மஞ்சள் பிளாஸ்டிக் கொடி. மண்ணுக்குள் இரும்பைக் கண்டுபிடிக்கிற கருவி கத்துகிற இடத்தில் கொடியைக் குத்தி அதில் நாங்களே நம்பர் எழுத வேண்டும். நான் எழுதுகிற ஏழு, ஒன்று போல இருக்கிறதாம், நடுவே ஒரு கோடு போடச் சொல்லித் தந்தவர் லுக்தான். பைன் மர வாசமும், நல்ல வெயிலும், மத்தியானம் மரநிழலில் சாப்பாடும் என்று, உண்மையைச் சொன்னால், நான் வந்த நாளில் இருந்து அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை.

அந்தச் சந்தோசம்தான் வினையானது. ஒரு வியாழக்கிழமை என் மனுசன் ரூபன் செய்து தந்த மட்டன் ரோல்ஸில் ஒன்றை லுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உறைப்பில் அவருக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது, நாங்கள் எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். சாப்பிட்டு எழும்பினால் முதல் வேலை, கருவியை ஒரு இரும்புத் துண்டுக்கு மேலே பிடித்துக் கத்துகிறதா என்று பார்ப்பது. அன்று சிரித்த சிரிப்பில் நான் அதைச் செய்யவில்லை. மன்னாரில் இந்தப் பிழை விட்டிருந்தால் அமலா என் காதைத் திருகியிருப்பாள்.

கயிறு கட்டிப் பிரித்த ஒரு துண்டு நிலம், இரண்டு முழ அகலம். மெதுவாக நடந்து முடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. சுத்தம் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு லுக்கிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலை எடுக்கத் திரும்பினேன்.

நான் நடந்து வந்த நிலத்தின் நடுவில் ஒரு தடி நின்றது. சிவப்புத் தலை.

பட்டப்பகல், மூன்று மணி, வெயில் அப்படி எறிக்கிறது. நிலத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்காமல் நடந்தவள் நான், முழங்கால் உயரத் தடி என் கண்ணில் படாமல் இருக்க வழியே இல்லை. எல்லோரையும் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லிக் கத்தினேன். லுக் என் கருவியை வாங்கி இரும்புத் துண்டுக்கு மேலே பிடித்தார். அது ஊமையாக இருந்தது, உள்ளே ஒரு வயர் கழன்றிருக்கிறது. வேறு கருவியைக் கொண்டுபோனார், தடிக்கு ஒரு சாண் தள்ளி அது அலறியது. பாசிக்குக் கீழே, முழங்கை நீளத்தில் ஒரு ஷெல். அதன் இரண்டு பக்கமும் என் சப்பாத்தின் தடம் இருந்தது.

கொடி குத்தி இருபத்தாறு என்று எழுதினேன். அன்று நான் எழுதிய கடைசி நம்பர் அதுதான். லுக் நான் கையெழுத்துப் போட்ட தாளை என் கண் முன்னாலேயே கிழித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்த இடத்தில் கூடாரத்துக்கு முளை அடிக்கப்போகிற ஏதோ ஒரு பிள்ளையைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷெல்லை அகற்றிய பிறகு தடியைப் பிடுங்கினேன். அங்கே மண் கறுப்பு. தடியின் அடியில் சிவப்பு மண் காய்ந்து ஒட்டியிருந்தது. துடைத்துப் பார்த்தேன், சின்னச் சிலுவை. போகும்போது கொடிகளை எண்ணினார்கள், என் பெட்டியில் எழுதாத கொடி ஒன்று குறைந்தது. காற்று கொண்டுபோயிருக்கும் என்று லுக் சொன்னார், நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ரூபனிடம் தடியைக் காட்டினேன்.

"ஆரோ பகிடி விட்டிருக்கிறாங்கள்."

"அங்க என்னைத் தவிர வேற தமிழ் ஆக்கள் இல்லையப்பா."

"அப்ப அமலாவுக்குப் போன் எடுத்துக் கேளும்."

ஞாயிற்றுக்கிழமை போன் காட் வாங்கி எடுத்தேன். தடியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, இதை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும். அவள்தான் முதலில் தொடங்கினாள்.

"உனக்கொரு புதினம் சொல்லோணும். வியாழக்கிழமை என்ர தடியொண்டு குறைஞ்சு போச்சு. ஒருத்தரும் எடுக்கேல்லையாம். வெள்ளி விடியவே போய் முழுக்கத் திரும்பப் பாத்தம்."

"தடி கிடைச்சுதோ?"

"இல்லையடி. நான் பாத்து முடிச்ச நிலத்துக்கு நடுவில ஒரு கொடி நிக்குது. கம்பியில, செம்மஞ்சள் நிறம். இஞ்ச ஆரிட்டையும் அப்பிடி ஒண்டு இல்லை. அதுக்குப் பக்கத்தில மிதிவெடி, நான் பாக்காமல் விட்டது."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். பிறகு கேட்டேன்.

"அதில ஏதும் எழுதியிருக்கே?"

"ஓம், இருபத்தேழு எண்டு. ஏழுக்கு நடுவால கோடு கீறிக் கிடக்கு, ஆரோ பிழைவிட்டு வெட்டிப்போட்டினம் போல."

நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். அவளுடைய தடி குறைந்தபோது இங்கே இன்னும் விடியவில்லை, என் கொடி குறைந்தபோது அங்கே நடுச்சாமம். இரண்டு பேரும் போனைப் பிடித்தபடி அழுதோம், பிறகு ஏனென்று தெரியாமல் சிரித்தோம், போன் காட் காசு முடியும்வரை சிரித்தோம்.

அமலா இன்றைக்கும் மன்னாரில் சுகமாக இருக்கிறாள், மூன்று பிள்ளைகள். அந்த நிலத்தில் இப்போது கோடைதோறும் பிள்ளைகள் கூடாரம் அடிக்கிறார்கள், ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன், மனம் நிறைந்தது. தடி எங்கள் பல்கனியில் மிளகாய்க் கன்றுக்கு முட்டாக நிற்கிறது. கொடியை அமலா கனடா வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாள், அது பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. தடி எப்படிப் போனது, கொடி எப்படி வந்தது என்று நான் யோசிப்பதை விட்டுவிட்டேன். ஆனால் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த இருபத்தேழைப் பார்க்கிறேன். அது என் கையெழுத்து, அதில் சந்தேகமே இல்லை. நான் அதை எழுதவில்லை.