நாலு போர்ட் கார்டு போட்ட மறுநாள்

துறைமுகச் சாலையில் உள்ள ஒரு தனியார் கன்டெய்னர் கிடங்கில் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு ஜெனிலா. ஊர் நாசரேத். கல்யாணத்துக்காகச் சென்னை வேலையை விட்டவள், மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் மறுபடி வேலைக்கு வந்திருந்தாள்.

கேட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டர் அவளுக்குப் பெரிய தலைவலி. துறைமுக லைனுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று மூன்று நெட்வொர்க் கார்டுகள். அவற்றோடு லாரி எடைமேடையின் கார்டும். வேலை கூடும்போதெல்லாம் எல்லாம் உறைந்து நிற்கும்.

"மூணையும் கழத்திட்டு நாலு போர்ட் உள்ள ஒரே கார்டா போடுவோம் அண்ணாச்சி" என்று மேலாளர் ஜேசுபாதத்தைச் சம்மதிக்க வைத்தாள். ஸ்லாட்டில் பொருந்துமா, பழைய விண்டோஸுக்கு டிரைவர் கிடைக்குமா என்று பார்த்து, போலிகளை ஒதுக்கி, ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மாட்டினாள். நெட்வொர்க் வேகமாகப் பறந்தது. அன்று எடைமேடையில் வண்டி எதுவும் ஏறவில்லை.

திங்கள் காலை முதல் லாரி ஏறியது. திரையில் எடை பூஜ்யத்திலேயே நின்றது. பின்னால் வரிசை சாலை வரைக்கும் நீண்டது. அதில் காயல்பட்டினத்து நூஹுவின் இறால் கன்டெய்னரும் இருந்தது. சொந்தமாக அவர் அனுப்பும் முதல் சரக்கு.

"மத்தியானத்தோட கப்பலுக்குச் சரக்கு வாங்குறத நிறுத்திருவாங்கம்மா" என்றார் நூஹு.

"பழசையே மாட்டிருவமா?" என்று கேட்டார் ஜேசுபாதம்.

பழசை மாட்டினால் இனி தன் பேச்சை இங்கே யார் கேட்பார்கள் என்ற பயம் ஜெனிலாவுக்கு. "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்று சாதனங்களின் பட்டியலைத் திறந்தாள். புது கார்டுக்கும் எடைமேடை கார்டுக்கும், கம்ப்யூட்டரைக் கூப்பிட ஒரே இன்டர்ரப்ட் எண்.

"ரெண்டும் ஒரே மணியத்தான் அடிக்குது. புதுசு விடாம அடிக்கதுல, எடைமேடை அடிக்கது கம்ப்யூட்டருக்குக் கேக்கவே மாட்டேங்குது."

"அப்ப என்ன செய்ய?"

"வேற மணி குடுக்கணும்."

கம்ப்யூட்டரை அணைத்து, எடைமேடை கார்டைப் பிடுங்கி வேறு ஸ்லாட்டில் செருகினாள். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் போய், எண்கள் காலியாகட்டும் என்று, யாரும் பயன்படுத்தாத பிரிண்டர் போர்ட்டையும் சவுண்டையும் நிறுத்தினாள். மறுபடி பட்டியலைப் பார்த்தபோது இரண்டுக்கும் வெவ்வேறு எண்கள். ஜன்னல் வழியாக லாரியை ஏறச் சொல்லிக் கை காட்டினாள்.

லாரி ஏறியது. எண்கள் கடகடவென்று ஓடி, ஓரிடத்தில் நிலைத்தன.

"வந்துட்டு!" என்று கத்தினார் ஜேசுபாதம்.

வரிசை நகர்ந்தது. நூஹுவின் கன்டெய்னர் நேரத்தோடு துறைமுகத்துக்குள் போய்விட்ட செய்தி வந்தபிறகுதான் ஜெனிலா கைத்தூசியைக் கழுவினாள்.

"ரெண்டாவது கேட்டுக்கும் இதே கார்டச் சொல்லிரும்மா" என்றார் ஜேசுபாதம்.

"மொதல்ல அங்கன எத்தன ஸ்லாட் இருக்குன்னு பாக்கணும் அண்ணாச்சி" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். நாசரேத் வந்ததும் கண்டக்டர்தான் குரல் கொடுத்து எழுப்பினார்.