அமலி எடுத்த பாலிசி

அமலி கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து லைப்ரரியில் புத்தகம் அடுக்குகிறவள். இங்கிலீஷ் நன்றாக வாசிப்பாள். அவள் புருஷன் அடைக்கலம் அங்கேயே சமையல்காரன். எழுதப் படிக்கத் தெரியாது. மலையேறும் பைத்தியம் பிடித்த இரண்டு வெள்ளைக்கார வாத்தியார்கள் பாறைச் சரிவுகளுக்குப் போகும்போதெல்லாம் கூடாரத்தையும் சட்டிபானையையும் சுமந்துகொண்டு அவனும் போவான்.

1961இல் அவர்கள் ஆப்பிரிக்காவில் ஒரு பனிமலை ஏறக் கிளம்பினார்கள். பம்பாயிலிருந்து கப்பல். அடைக்கலத்தையும் கூப்பிட்டார்கள். இன்சூரன்ஸ் எடுக்க மதுரையிலிருந்து ஏஜெண்டு செல்லப்பாண்டி வந்தார். வாத்தியார்கள் தங்களுக்கு எல்லாம் அடங்கின பாலிசி எடுத்தார்கள். சமையல்காரனுக்கு ஏதாவது ஒன்று போதும் என்றார்கள்.

செல்லப்பாண்டி இரண்டு விண்ணப்பப் பாரங்களை அமலி முன்னால் வைத்தார். "இது ஆள் செத்தா குடும்பத்துக்குக் கெடைக்கும். அது அடிபட்டா, கை கால் போனா கெடைக்கும். எதுன்னு சொல்லுங்கம்மா."

அமலி இரண்டையும் இரண்டு தடவை வாசித்தாள். பிறகு புருஷனிடம் சொன்னாள். "ஏங்க, அடிபட்டா கூட்டிட்டுப் போறவங்க பாக்காமலா விட்ருவாங்க? உசுரே போச்சுன்னா பொட்டப்புள்ள லீலாவ வச்சுக்கிட்டு நான் எங்க போறது?"

"ஏதோ ஒன்னப் போடு. எனக்குச் சோலி கெடக்கு" என்று அடைக்கலம் முதல் பாரத்தில் கைநாட்டு வைத்தான்.

மலையில் வாத்தியார்கள் உச்சிக்குப் போய்விட்டுப் புயலில் வேறு பக்கம் இறங்கிவிட்டார்கள். திரும்பி வரும்வரை நகரக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அடைக்கலம் ஈரச் சப்பாத்தோடு கூடாரத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். பனியில் விறைத்துக் கறுத்துப்போன இரண்டு பாதங்களையும் ஆஸ்பத்திரியில் பாதியாக வெட்டி எடுத்தார்கள்.

ஆள் உயிரோடிருப்பதால் தருவதற்கு ஒன்றுமில்லை என்று கம்பெனி எழுதியது. நிற்க முடியாதவனுக்குச் சமையல்கட்டில் வேலையில்லை என்றது பள்ளிக்கூடம். வாத்தியார்கள் கக்கத்தில் ஊன்றிக்கொள்ள ஒரு ஜோடிக் கட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த வருஷமே ஊருக்குப் போய்விட்டார்கள். மூஞ்சிக்கல் சரிவில் இருந்த வீட்டை விட்டு அவனால் தனியாக இறங்க முடியவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் ஒரே கதையைச் சொன்னான். "எம் பொண்டாட்டி படிச்சவ. நான் செத்தா என்ன கெடைக்கும்னு வாசிச்சுப் பாத்துத்தான் எடுத்தா." ஏழு வருஷம் அமலி அதைக் கேட்டுக்கொண்டே வந்தவர்களுக்குக் காபி போட்டாள்.

லீலாவைப் பெண் பார்க்கப் பூண்டியிலிருந்து வந்தவர்களிடமும் அவன் அதையே சொல்லிச் சிரித்தான். காபி கொண்டுவந்த அமலி தம்ளர்களைக் கீழே வைத்தாள்.

"நான் சரியாத்தான் எடுத்தேங்க" என்றாள் அவர்களைப் பார்த்து. "இவருதான் திரும்பி வந்துட்டாரு."

வந்தவர்கள் காபியைத் தொடாமல் எழுந்துபோனார்கள். லீலா உள்ளே போய்ப் பட்டுச்சேலையை மாற்றினாள்.

அதற்குப் பிறகு அடைக்கலம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அமலி சோறு போட்டு வைத்தால், லீலா அந்தத் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்கிறவரை அவன் கை வைக்க மாட்டான். அமலி அதைத் தினமும் பார்த்துக்கொண்டு நின்றாள்.