இடப்பக்கத்துப் படம்

இதயத்தில் ரத்தம் எங்கே தடைபடுகிறது என்று படமெடுத்துக் காட்டப் புதிதாக ஒரு கதிரியக்க மருந்து வந்திருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் பழைய மருந்தில் ஒரு படம், புதியதில் ஒரு படம். திரையில் அருகருகே வரும் இரண்டையும், எது எதுவென்று தெரியாமலே ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது டாக்டரம்மாவின் வேலை. இருட்டறையில் கண் எரிய எரியப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மருந்துக் கம்பெனிக்காரர் காபியோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார். "மேடம், எப்பவும் இடது பக்கம் வர்றதுதான் எங்களோடது. கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று இளித்தார்.

யாரோ எச்சில் கையால் முகத்தைத் தடவியதுபோல் டாக்டரம்மாவுக்கு அருவருப்பாக இருந்தது. காபியைத் தொடாமல் நேரே துறைத் தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"இனி நான் போடுற மார்க் செல்லாது சார். இடம் வலத்தைக் கலைச்சுப் போட்டு, வேற ஆளை வெச்சு முதல்லேர்ந்து பாருங்க."

"காதுல விழாத மாதிரி விட்டுடுங்கம்மா. இதைப் போய் பெரிசு பண்ணணுமா?"

"நாளைக்கு உங்க நெஞ்சு வலிச்சா, அந்தப் படத்தை நம்புவீங்களா?"

தலைவர் படங்களைக் கலைத்துப் போடச் சொன்னார். வேறொருவர் எல்லாவற்றையும் புதிதாகப் பார்த்தார். புது மருந்து உண்மையிலேயே தேறிவிட்டது. சின்ன அடைப்பைக்கூடப் பளிச்சென்று காட்டியது.

அதைக் கேட்டதும் டாக்டரம்மாவின் அருவருப்பு இன்னும் கூடியது. "சரக்கு நல்லாத்தானே இருந்திருக்கு. அப்புறம் எதுக்கு இந்தக் கேவலமான பொழப்பு?" என்று கணவரிடம் பொருமினார். மறுநாள் கம்பெனிக்காரர் கைகுலுக்க வந்தபோது, டாக்டரம்மா தன் கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.