உடையப்பன் வாங்கிக் கொடுத்த உலகக்கோப்பை

என் அக்கா புருசன் உடையப்பனுக்குக் குன்றாண்டார்கோவிலில் உரக்கடை. கிரிக்கெட் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் உலகக்கோப்பையில் இந்தியா ஜெயிப்பதும் தோற்பதும் தம் வீட்டு ஹாலில்தான் முடிவாகிறது என்று ஐம்பது வயதிலும் நம்புகிற மனிதர். 1983இல் அவர் சின்னப் பையன், வீட்டில் ரேடியோ கிடையாது. அதனால் அந்த ஒரு கோப்பையை மட்டும் ஆடியவர்களே வாங்கினார்கள் என்று பெரிய மனது பண்ணி ஒத்துக்கொள்வார்.

2011 கோப்பை அவர் வாங்கிக் கொடுத்தது. ஒன்றுக்குக்கூடப் போகாமல் ஒரே நாற்காலியில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். 2007இல் முதல் சுற்றிலேயே இந்தியா வெளியேறியதும், புது டிவி ராசியில்லை என்று பாதி விலைக்குத் தள்ளினார். 2019 அரையிறுதியில் தோற்கடித்தது, ஆட்டத்தின் நடுவில் வந்த என் அம்மாவின் போன். 2003 இறுதி ஆட்டத்தின் பழி மட்டும் என் அக்கா ராஜலட்சுமி மேல். அழுத பிள்ளையைத் தூக்க அவள் எழுந்தாள். முதல் ஓவரிலேயே விக்கெட் போனது. அன்றிலிருந்து இந்தியா ஆடினால் அக்காவுக்கு ஹாலில் இடமில்லை. இருபது வருசம் அடுக்களை வாசலில் நின்றே எட்டிப் பார்த்தாள். இதற்குப் பெயர் தேசபக்தியாம். தூ!

அன்றைக்கு அழுத பிள்ளை இலக்கியா. அவளைப் பெண் பார்க்க 2023 இறுதி ஆட்டத்தன்று வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் பெண்ணைக் காட்டச் சொல்லி மாப்பிள்ளையின் அம்மா அவசரப்படுத்தினார். இலக்கியா காபித் தட்டோடு ஹாலுக்குள் கால் வைத்தாள். அந்த நேரம் பார்த்து, ஐம்பதைத் தாண்டி நின்று ஆடிக்கொண்டிருந்தவர் அவுட்.

“உள்ள போத்தா! ஒரு பார்ட்னர்ஷிப் நிக்கட்டும், அப்பறம் வா!” என்று கத்தினார் உடையப்பன்.

வந்தவர்கள் முன்னால் எனக்கு உடம்பு கூசிவிட்டது. மாப்பிள்ளை அரவிந்த்குமார் பெங்களூரில் ஐடி வேலை பார்க்கிறவன். அவனாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன். சொன்னான்.

“மாமா சொல்றது சரிதாங்க. எங்க வீட்லயும் மேட்ச் அன்னைக்கு அம்மாவ ஹாலுக்குள்ள விடமாட்டேன்.”

அவனுடைய அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இலக்கியா அவரையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, அடுக்களை வாசலில் நின்ற அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து டிவிக்கு நேரே உட்காரவைத்தாள்.

“எனக்கு இந்த மாப்பிள்ளை வேணாம்மா. நீ மேட்ச் பாரு.”

“எந்திரி ராஜி! கப்பு போயிரும்!” என்று அலறினார் உடையப்பன். வீடு தேடி வந்த சம்பந்தம் போனது அவருக்கு உறைக்கவே இல்லை.

“போனாப் போகட்டும்ங்க” என்று சொல்லிவிட்டு, அக்கா ஒரு காபியை எடுத்துக் குடித்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் ராகுகாலத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். ராத்திரி கோப்பையும் போனது. யூரியா வாங்க வருகிறவர்களிடமெல்லாம், கோப்பையைத் தொலைத்தவள் தன் பெண்டாட்டிதான் என்று இன்றைக்கும் புலம்புகிறார் அந்த மனிதர். அதைக் கேட்டுவிட்டு யாராவது அக்காவிடம் வந்து விசாரித்தால், அவள் மறுப்பதே இல்லை.

“ஆமா, நாந்தான் ஒக்காந்தேன். இனியும் ஒக்காருவேன்” என்கிறாள்.