எண்பத்தஞ்சு சைஸ் பெட்டி

என் மனைவியின் மூச்சை மொத்த வியாபாரிக்கு விற்றுவிட்டேன் என்று ஒரு காலைப்பொழுது முழுக்க நம்பியவன் நான். இப்போது சிரிக்கிறேன். அன்று சைக்கிளில் ஏறும்போது செருப்பு போடக்கூடத் தோன்றவில்லை.

அவளுக்கு மூச்சிளைப்பு உண்டு. பனியன் துணியை வெட்டித் தைத்துப் பெட்டி போடுகிற வீட்டில் பஞ்சு பறக்காமல் இருக்குமா? கோயமுத்தூர் டாக்டர் ஒருவர் கண்ணாடிச் சாமான் ஒன்றைக் கொடுத்தார். பார்வைக்குப் புகை பிடிக்கிற சுங்கான் மாதிரி இருக்கும். அதன் வாலில் ரிக்‌ஷா ஹாரனில் இருப்பதைப் போல ஒரு ரப்பர் உருண்டை. சில சொட்டு மருந்தை உள்ளே விட்டு, வாயில் வைத்து, மூச்சை இழுக்கும்போதே உருண்டையை அழுத்தினால் மருந்து புகையாய் நெஞ்சுக்குள் போகும். நாங்கள் அதைப் பம்பு என்றோம். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் அலசிக் கவிழ்த்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் ஊசிமுனைத் துவாரம் அடைத்துக்கொள்ளும் என்பதையெல்லாம் டாக்டர் அவளிடம்தான் சொன்னார். என்னிடம் சொன்னது, உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது மட்டும்.

அந்த ஒன்றை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். திருப்பூர்க்காரனுக்குப் பனியன் பெட்டியை விடப் பத்திரமான இடம் உலகத்தில் ஏது? பம்பைப் புதுப் பனியன் இரண்டில் சுற்றி, அட்டைப் பெட்டிக்குள் படுக்கவைத்து, நூலால் கட்டி, முன்னறை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். எண்பத்தஞ்சு சைஸ் பெட்டி. என்னுடைய சைஸ் அதுதான், அதனால் மறக்காது. காதர்பேட்டை மொத்தக் கடைக்குப் போகிற சரக்கும் அதே அலமாரியில்தான் அடுக்கியிருந்தது என்பதை இந்த அறிவாளி யோசிக்கவில்லை. அதன்பின் ஒரு மாதம் என் கண்ணெதிரே அவளுக்கு இளைப்பே வரவில்லை. எல்லாம் என் பராமரிப்பு என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில், சரக்கெடுக்க வந்த வண்டிக்காரரிடம் அலமாரியை வழித்துத் துடைத்துக் கொடுத்தனுப்பினேன். வண்டி போய் ஒரு மணி நேரம் இருக்கும். அவள் கட்டிலில் உட்கார்ந்து, தோள்கள் ஏறி இறங்க மூச்சு வாங்க ஆரம்பித்தாள். நெஞ்சுக்குள் விசில் அடித்தது. தைரியமாக இரு, நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தேன். தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாள் மட்டும் இருந்தது.

"பொட்டி போயிருச்சு அம்மிணி," என்றேன்.

பேச முடியாமல் அவள் கையை நீட்டிக் காட்டினாள். எங்கள் வீட்டில் அடுக்களை வாசலும் தெரு வாசலும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஓடிப் போய் வாங்கி வா என்கிறாள் என்று ஓடினேன்.

காதர்பேட்டைக் கடையில் என் பெட்டிகளைக் கோணியில் வைத்துத் தைத்துச் சிப்பமாக்கி, ரயில் பார்சலுக்குத் தயாராக வைத்திருந்தார்கள். நான் சிப்பத்தின் மேல் விழுந்து தையலைப் பிராண்டினேன். கடைக்காரர் என்ன தேடுகிறேன் என்று கேட்டார்.

"என்ற சம்சாரத்தோட மூச்சைங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சைசுங்க?"

"எண்பத்தஞ்சுங்க."

என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும். வேடிக்கை பண்ணுகிறேன் என்றுதான் அவரும் முதலில் நினைத்திருக்கிறார். என் வெறுங்காலைப் பார்த்த பிறகு வேடிக்கையில்லை என்று புரிந்துகொண்டார். கத்தியை எடுத்து, தைத்த சிப்பத்தைத் தானே கிழித்தார். பம்பைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, பெட்டி பெட்டியாகத் திறந்தோம். ஒவ்வொரு பனியனாக உதறினேன். வெள்ளை வெளேரென்று பனியன், பனியன், பனியன். சோறு போடுகிற சாமானை அப்படி நான் வெறுத்ததே கிடையாது. கடைசிப் பெட்டியும் முடிந்தபோது, வீட்டில் அவளுக்குத் துணை யார் என்று கேட்டார். யாருமில்லை என்றேன்.

"ஏனுங்க, மூச்சு வாங்கறவங்களத் தனியா உட்டுப்போட்டு இங்க வந்து பனியன ஒதறிட்டிருக்கறீங்க? ஊட்டுக்குப் போங்க மொதல்ல."

உதறிய பனியன்களை அப்படியே போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கையை நீட்டியது மட்டும் கண்முன் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஓடிவந்திருக்கிறேன்.

வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்து, தைத்த பனியன்களில் பிசிறு நறுக்கிக்கொண்டிருந்தாள். நிதானமாக நிமிர்ந்து பார்த்தாள்.

"செருப்பு எங்கீங்க?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அடுக்களையத்தானுங்க காட்டுனேன். நீங்க ரோட்டுல போயிட்டீங்க."

நடந்தது இவ்வளவுதான். நான் பெட்டி கட்டிய மறுவாரமே, துணி எடுக்க நான் வெளியே போயிருந்தபோது அவளுக்கு இளைப்பு வந்திருக்கிறது. பெட்டியை அவிழ்த்து, பம்பை அழுத்திப் பார்த்தால் புகை வரவில்லை. துவாரத்தில், நான் சுற்றிவைத்த பனியனின் பஞ்சு. வெந்நீரில் அலசி, பஞ்சை வெளியேற்றி, ஒருவழியாய்ச் சமாளித்திருக்கிறாள். அன்றிலிருந்து பம்பு அடுக்களையில், மூடி போட்ட தூக்குப்போசிக்குள் இருந்தது. எனக்கு மனசு கஷ்டப்படும் என்று, பெட்டியில் பத்துப் பனியனை மடித்து வைத்து, என் முடிச்சைப் போலவே முடிச்சுப் போட்டுவிட்டாள். சரக்குப் போன அன்று நான் தெருமுனை தாண்டுவதற்குள் எழுந்து போய்ப் பம்பை எடுத்துக்கொண்டாள். நாலு அழுத்தில் மூச்சு சீராகிவிட்டது.