தம்பி பெயரை எடுத்த கட்டளை

பெரிய பாயின் விரல் எண்டர் கீ மேல் நின்றதுதான் இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறது. திண்டுக்கல்லில் அவருடைய தோல் கடையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஒரு கட்டுத் தோலைப் பிரிப்பதென்றாலும் பிஸ்மில்லா சொல்லித் தொடங்குகிறவர், அன்று அதைக்கூடச் சொல்லவில்லை.

பாகம் பிரிந்து, அவருடைய தம்பி சின்ன பாய் எதிர்வரிசையிலேயே கடை போட்டிருந்த சமயம் அது. விலைப்பட்டியல், கடிதம், இணையதளப் பக்கம் என்று எங்களிடம் இருந்த கோப்புகள் அத்தனையிலும் சின்ன பாயின் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போடச் சொன்னார். எல்லாக் கோப்புகளிலும் தேடி மாற்றுகிற ஒருவரிக் கட்டளையை எழுதிவிட்டு, "ஒவ்வொண்ணா பாத்து மாத்துவமா பாய்?" என்றேன்.

"அம்புட்டையும் ஒரே அடியா மாத்துப்பா. அவன் பேரு என் கண்ணுல படக் கூடாது" என்றவர், என்னை நகரச் சொல்லித் தானே அமுக்கினார். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

இணையதளத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில் கடையைத் தொடங்கிய பாட்டனாரின் படம். அதன் கீழே, காலமானவர்களுக்குப் போடுகிற 'மர்ஹூம்' என்ற சொல்லை அடுத்து, பெரிய பாயின் பெயர். அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு பிள்ளைக்காவது இந்தப் பாட்டனார் பெயரை வைப்பார்கள். சின்ன பாய்க்கு வைத்தது அந்தப் பெயர்தான். பெரிய பாய் அந்த வரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய நகல் இருக்கு பாய், திருப்பிப் போட்டுரவா?"

"பாட்டனாரு பேரை மட்டும் போடு."

அது கட்டளையால் ஆகிற காரியமில்லை. இருவருக்கும் ஒரே பெயர். மெஷினுக்கு என்ன தெரியும்? கடைசியில் பழைய நகலைத் திருப்பிப் போட்டேன். அவரே என் பக்கத்தில் உட்கார்ந்து, "இது பாட்டனாரு, வையி. இது அவன், எடுத்துரு" என்று ஒவ்வொரு கோப்பாகச் சொல்ல வேண்டியதாயிற்று. கண்ணில் படக் கூடாது என்ற பெயரைச் சாயங்காலம் வரை அவரே வாய்விட்டுப் படித்தார். பாதியிலேயே குரல் கம்மிவிட்டது. போதும் என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பிறகு நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். அண்ணன் தம்பிக்குள் இன்றுவரை பேச்சு இல்லையாம். பெரிய பாயின் பேரன் இப்போதுதான் நடக்கப் பழகியிருக்கிறான். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே பிள்ளை ரோட்டைப் பார்த்து ஓட, பெரிய பாய் பதறிப்போய்ப் பெயரைச் சொல்லிக் கத்தினார். குடும்ப வழக்கப்படி அவனுக்கும் அதே பாட்டனார் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எதிர்க்கடையில் தோலை விரித்துக்கொண்டிருந்த சின்ன பாய், "என்னண்ணே?" என்று சட்டென்று எழுந்தார்.

பெரிய பாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சின்ன பாய் நின்றபடியே இருந்தார்.